பகடை யார் கையில்? ரோல்பிளே மேசைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோல்பிளே என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, கதையைப் பேசியே நகர்த்தி, நிச்சயமில்லாததைப் பகடையால் தீர்மானிக்கும் மேசை ஆட்டம். கதையை நடத்தி, எதிரிகளாகவும் ஆடுபவர் கேம் மாஸ்டர். ஆட்டம் சூடுபிடித்த பிறகுதான் இந்தக் கேள்வி எழும். அரக்கன் கோடரியை ஓங்குகிறான், ஆட்டக்காரர் விலகப் பார்க்கிறார். அரக்கன் குறி தவறினானா என்று பார்க்க கேம் மாஸ்டர் உருட்டுவதா, தப்பித்தேனா என்று பார்க்க ஆட்டக்காரர் உருட்டுவதா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதற்குள் கோடரி பாதியில் நிற்கும்.

கணக்குப்படி பார்த்தால் யார் உருட்டினாலும் ஒன்றுதான். இருபது பக்கப் பகடைக்குத் தன்னைப் பிடித்திருப்பது யார் என்று தெரியாது. ஆனால் கை மாறும்போது மேசையில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. விழுந்த எண் யார் கண்ணில் படுகிறது என்பது ஒன்று. வந்த முடிவை யார் தன்னுடையது என்று நினைக்கிறார் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பழகிவிட்டால், யார் உருட்டுவது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. குழப்பம் வருவதெல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசும்போதுதான்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகையில் இருக்கும், அதைத்தான் அதிகம் பேர் ஆடியிருப்பார்கள் என்பதால். வேறு ஆட்டம் ஆடுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: உருட்டத்தான் வேண்டுமா?

யார் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் நிஜமாகவே இடம் இருக்க வேண்டும்; எது வந்தாலும் கதை நகர வேண்டும். பூட்டிய கதவு, கையில் கருவி, துரத்தி வருபவர் யாரும் இல்லை, நேரமும் நிறைய இருக்கிறது என்றால் திருடன் கதவைத் திறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். 2004-ல் வந்த டாக்ஸ் இன் தி வைன்யார்ட் ஆட்டம் கேம் மாஸ்டருக்கு இதையே விதியாக வைத்தது: ஆட்டக்காரர் கேட்பதற்குச் சரி என்று சொல்லுங்கள், அல்லது பகடையை எடுங்கள். கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்ட முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியமான துப்பு கிடைத்தே தீரும். அதற்குப் பகடையே கிடையாது. ஒரே ஒரு மோசமான எண்ணால் மொத்த விசாரணையும் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஒரே செயலுக்கு எத்தனை முறை உருட்டுவது என்பது. கோட்டைக்குள் பதுங்கிப் போகிறார் ஒருவர். ஒவ்வொரு முறையும் தப்பிக்க 80 சதவீதம் வாய்ப்பு. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் “இன்னொரு தடவை உருட்டு” என்று கேம் மாஸ்டர் சொன்னால், நான்காவது மூலைக்குள் அந்த 80 சதவீதம் 41 ஆகிவிடும். பகடை யார் கையில் இருந்தாலும் இங்கே முடிவு கேம் மாஸ்டர் கையில்தான் இருக்கிறது. பிடிபடும்வரை உருட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். பர்னிங் வீல் ஆட்டத்தில் இதற்கு நல்ல விதி உண்டு: ஒரு முறை உருட்டியது, சூழ்நிலை உண்மையிலேயே மாறும்வரை நிற்கும். எந்த ஆட்டமாக இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உங்கள் ஆட்டத்தின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பகடை முதலில் நடுவர் கையில்தான் இருந்தது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில், எதிரெதிர் அணிகள் உத்தரவு கொடுப்பதோடு சரி. பகடையும் இழப்புக் கணக்கும் நடுவருடைய வேலை. போர்க்களத்தில் தளபதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஆட்டக்காரருக்கும் தெரிய வேண்டும் என்பது எண்ணம். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவமுள்ள நடுவர் இருந்தால் போதும் என்று பகடையையே ஓரங்கட்டினார். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தது போர் ஆட்டப் பழக்கத்திலிருந்துதான். கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்கிறதா, பொறி தெரிகிறதா போன்றவற்றை நடத்துபவரே மறைவாக உருட்டும் வழக்கம் அதன் பழைய பதிப்புகளில் இருந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

அதன் பிறகு பகடை மெல்ல மெல்ல ஆட்டக்காரர் பக்கம் நகர்ந்தது, ஆனால் நேர்கோட்டில் இல்லை. நெருப்புக்கோளம் என்ற ஒரே மந்திரத்தைப் பாருங்கள். 2008-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பில் மந்திரவாதி உருட்ட வேண்டும். எதிரியின் சுறுசுறுப்பு ஒரு நிலையான எண். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி சும்மா இருப்பார். நெருப்பில் சிக்கியவர்கள் உருட்டுவார்கள். மந்திரம் ஒன்றுதான். முதலாவதில் “நான் எரித்தேன்” என்ற உணர்வு; இரண்டாவதில் “நான் தப்பினேன்”.

வேறு சில ஆட்டங்கள் கேம் மாஸ்டரின் கையிலிருந்து பகடையை அநேகமாக முழுவதுமாகவே வாங்கிவிட்டன. 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் ஆட்டக்காரர் இரண்டு அறுபக்கப் பகடைகளை உருட்டித் தன் திறன் எண்ணைக் கூட்டுவார். 10 அல்லது மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வெற்றி உண்டு, விலையும் உண்டு. 6 அல்லது கீழ் என்றால் நடத்துபவர் முறை. கெட்டது எதுவோ அதை அவர் நடத்திக் காட்டுவார். கூட்டல் +1 இருந்தால் முழு வெற்றிக்கு 28 சதவீதம், நடுவாந்தரத்துக்கு 44, தோல்விக்கு 28. அதாவது எதிரிகளின் அடி எல்லாம் ஆட்டக்காரரின் சறுக்கலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இங்கே போய், “என் அரக்கனுக்கும் ஒரு உருட்டல் வேண்டும்” என்று கேம் மாஸ்டர் பகடையை எடுத்தால் ஒரே தோல்விக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்ததாக ஆகிவிடும். 2013-ன் நியூமனேராவும் 2017-ன் பிளேட்ஸ் இன் தி டார்க்கும் ஏறத்தாழ இதே பக்கம். நியூமனேராவில் எதிரியின் நிலையை மூன்றால் பெருக்கினால் இலக்கு, அதாவது உருட்டி எட்ட வேண்டிய எண், வந்துவிடும். நான்காம் நிலை எதிரியை அடிக்கவும் 12, அவனிடமிருந்து தப்பிக்கவும் 12. இரண்டையும் ஆட்டக்காரரே உருட்டுகிறார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் புத்தகத்தில் ‘யார் உருட்டுவது’ என்பது வெறும் பழக்கமா அல்லது ஆட்டத்தைத் தாங்கும் தூணா என்று பார்ப்பது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அது பெரும்பாலும் பழக்கம். கணக்கை ஒட்டி மாற்றினால் எதுவும் உடையாது. அபோகலிப்ஸ் வேர்ல்ட் வகையில் அது தூண்.

மூன்றாம் படி: முடிவு யாருடையது?

என்ன செய்யப்போகிறோம் என்று வாய் திறந்து சொன்னவர் உருட்டட்டும். இதைவிட நல்ல தொடக்க விதி இல்லை. “பாலத்தைத் தாண்டிக் குதிக்கிறேன்” என்றவர் கையில் பகடை இருந்தால், பள்ளத்தில் விழுந்தாலும் அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார். அதே மோசமான எண் கேம் மாஸ்டர் கையிலிருந்து விழுந்திருந்தால், “இவன்தான் விழவைத்தான்” என்ற நினைப்பு ஓர் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். நியாயமில்லாத நினைப்புதான். இருந்தாலும் மனிதர்கள் அப்படித்தான்.

யாரும் எதுவும் சொல்லாமல் ஆபத்து தானாக வந்து விழும்போது, அதாவது கூரை இடிகிறது, விஷம் ஏறுகிறது என்றால், பாதிக்கப்படுபவர் உருட்டலாம். உயிர் போகும் நேரத்து உருட்டல்களுக்கும் இதுவே சரி. ஐந்தாம் பதிப்பில் விழுந்துகிடக்கும் பாத்திரம் தன் முறை வரும்போதெல்லாம் இருபது பக்கப் பகடையை உருட்டுகிறது. 10 அல்லது மேல் என்றால் ஒரு வெற்றி, கீழே என்றால் ஒரு தோல்வி, எது முதலில் மூன்று சேர்கிறதோ அதுவே முடிவு. பதற்றம் கூடட்டும் என்று சில மேசைகளில் இதை கேம் மாஸ்டர் மறைவாக உருட்டுவது உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. விழுந்துகிடப்பவருக்கு அந்தச் சண்டையில் மிச்சமிருக்கும் ஒரே வேலை அதுதான், அதையும் பிடுங்கினால் அவர் கைபேசியை எடுத்துவிடுவார். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் அவரே கையால் மறைத்து உருட்டி கேம் மாஸ்டரிடம் மட்டும் காட்டலாம்.

ஆட்டக்காரர் யாருக்கும் தொடர்பில்லாத சண்டை என்றால், உதாரணமாக காவலன் ஒருவனும் கொள்ளைக்காரன் ஒருவனும் தெருவில் மோதிக்கொண்டால், பகடையே வேண்டாம். கேம் மாஸ்டர் தன்னோடு தானே ஆடுவதை நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பது கொடுமை. முடிவு உண்மையிலேயே திறந்திருக்கிறது, அது கதைக்கும் முக்கியம் என்றால், அந்தக் காட்சியில் சும்மா இருப்பவர் கையில் பகடையைக் கொடுத்து, “நீதான் இப்போ அந்தக் காவலன்” என்று சொல்லுங்கள்.

நான்காம் படி: எண்ணை யார் பார்க்கலாம்?

நிஜமான சிக்கல் இங்கேதான். ஒரு காட்சி:

“பெட்டியில பொறி ஏதாவது இருக்கான்னு பார்க்கிறேன்,” என்று பகடையை உருட்டுகிறார் திருடனாக ஆடுபவர். 3 விழுகிறது.

“உன் கண்ணுக்கு எதுவும் படல,” என்கிறார் கேம் மாஸ்டர்.

“அப்படியா? சரி, அப்ப நான் தொடல.” பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார். “நீ ஒரு தடவை பாரேன்.”

விழுந்தது 19 ஆக இருந்திருந்தால்? கேம் மாஸ்டர் அதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பார். பெட்டி உடனே திறந்திருக்கும். பாத்திரத்துக்கு இரண்டு நிலையிலும் ஒரே அளவுதான் தெரியும். மேசையில் கிடந்த எண்தான் கூடுதலாகச் சேதி சொல்லிவிட்டது. ஆட்டக்காரரைத் திட்டிப் பயனில்லை; பார்த்த எண்ணைப் பார்க்காததுபோல் ஆடுவது எல்லாருக்கும் வராது, வந்தாலும் அதில் சுவை இல்லை.

பழைய தீர்வு, கேம் மாஸ்டர் திரைக்குப் பின்னால் உருட்டுவது. 2019-ல் வந்த பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இதை ஒழுங்குபடுத்தி, தேடுதல், பதுங்குதல், எதிராளியின் நோக்கத்தைக் கணித்தல், படித்ததை நினைவுகூர்தல் போன்றவற்றுக்கு ‘ரகசியம்’ என்ற அடையாளமே போட்டிருக்கிறது. வேலை செய்யும் முறைதான், ஆனால் விலை உண்டு. எல்லாருடைய போனஸும், அதாவது விழுந்த எண்ணோடு கூட்டும் திறன் எண்ணும், கேம் மாஸ்டர் முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆட்டக்காரருக்குத் தன் திறமையைத் தான் பயன்படுத்திய நிறைவும் போய்விடும்.

அடுத்தது, உருட்டாமலே நிலையான எண்ணை எடுத்துக்கொள்வது. ஐந்தாம் பதிப்பில் ஒருவரின் கவனிக்கும் திறன் போனஸோடு 10-ஐக் கூட்டினால் அவர் சும்மா நடக்கும்போது எவ்வளவு கவனிப்பார் என்பது வரும். சாதகமான நிலை என்றால் இன்னும் 5 கூட்டலாம், பாதகம் என்றால் 5 கழிக்கலாம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குழுவில் அதிகபட்சம் 14 என்று தெரிந்துகொண்டே கேம் மாஸ்டர் 15 இலக்குள்ள பொறியை வைத்தால், அது கண்ணில் படாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அதைச் சரிசெய்ய, பொறிக்குப் பகடை கொடுங்கள். இலக்கிலிருந்து 12-ஐக் கழித்து வருவது பொறியின் போனஸ். 15 இலக்கு என்றால் +3. கேம் மாஸ்டர் உருட்டி +3 கூட்டி 14 அல்லது மேல் வந்தால் பொறி மறைந்திருக்கும். +4 உள்ளவர் 15-க்கு உருட்டினால் என்ன வாய்ப்போ, அதே சரிபாதிதான் இதிலும்.

மூன்றாவது ஒரு சமரசம். ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் பத்து முறை உருட்டி எண்களை ஒரு தாளில் எழுதி கேம் மாஸ்டரிடம் கொடுத்துவிடுவது. தேவைப்படும்போது அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். எண் ஆட்டக்காரர் கையிலிருந்தே வந்தது, ஆனால் எது எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. உருட்டும் சத்தம் கேட்டதும் எல்லாரும் உஷாராவதும் இதில் இல்லை. துப்பறியும் கதைகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

எனக்குப் பிடித்தது நான்காவது: தாமதமாக உருட்டுவது. “தூணுக்குப் பின்னால பதுங்குறேன்” என்கிறாரா? சரி, பதுங்கியாயிற்று. பகடை வேண்டாம். காவலன் பந்தத்தோடு தூண் பக்கம் திரும்பும் அந்த நொடியில், “இப்போ உருட்டு” என்று சொல்லுங்கள். எவ்வளவு நன்றாகப் பதுங்கினோம் என்பது பாத்திரத்துக்கும் அப்போதுதான் தெரிகிறது, ஆட்டக்காரருக்கும் அப்போதுதான் தெரிகிறது. மறைக்க எதுவும் இல்லாததால் பகடையை நடு மேசையில் போடலாம். போலி ஆவணம் தயாரித்தால், அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது உருட்டுங்கள். மாறுவேடம் போட்டால், தெரிந்தவர் எதிரே வரும்போது. பெட்டிப் பொறிக்கும் இது பொருந்தும். தேடினேன் என்று சொல்லியிருந்தால், மூடியைத் தூக்கும்போது உருட்டல்: வெற்றி என்றால் விரல் நுனியில் ஒரு மெல்லிய கம்பி தட்டுப்படுகிறது, நின்றுகொள்ளலாம், தோல்வி என்றால் ஊசி பாய்ந்துவிட்டது.

இந்த முறை செல்லாத இடமும் உண்டு. எதிராளி பொய் சொல்கிறானா என்பதைத் தள்ளிப்போட முடியாது; ஆட்டக்காரர் இப்போதே முடிவெடுத்தாக வேண்டும். இங்கே எண்ணை மறைக்கலாம், அல்லது தோற்றவருக்குத் தவறான பதில் கொடுப்பதை விட்டுவிடலாம். “அவன் முகத்திலிருந்து உன்னால எதையும் படிக்க முடியல” என்பது 3-க்கும் நேர்மையான பதில். அப்படிச் செய்தால் எண் வெளியே தெரிந்தாலும் நஷ்டமில்லை.

ஐந்தாம் படி: ஐந்து பேரும் பகடையை எடுத்தால்

ஒருவர் தேடித் தோற்றதும் மற்ற நால்வரும் “நானும் பார்க்கிறேன்” என்று உருட்டுவது எல்லா மேசையிலும் நடப்பது. ஆளுக்கு 30 சதவீதம்தான் வாய்ப்பு என்றாலும், ஐந்து பேர் உருட்டினால் ஒருவராவது வெல்ல 83 சதவீதம். கடினமானது என்று கேம் மாஸ்டர் நினைத்து வைத்தது சுலபமாகிவிட்டது. பதுங்கிச் செல்வதில் நேர் எதிர். ஆளுக்கு 60 சதவீதம் இருந்தாலும் ஐந்து பேரும் வெல்ல வேண்டும் என்றால் 8 சதவீதம்கூடத் தேறாது.

ஒருவர் வென்றால் போதும் என்ற வேலைக்கு, ஒரே ஒருவர் உருட்டட்டும், இன்னொருவர் உதவலாம். ஐந்தாம் பதிப்புக் கணக்கில் உதவி கிடைத்தவர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வார், 60 சதவீதம் 84 ஆகும். எல்லாரும் வென்றாக வேண்டிய வேலைக்குக் குழுவாக உருட்டி, பாதிப் பேராவது வென்றால் குழுவே வென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8 சதவீதம் 68-க்கு வந்துவிடும். இதுவும் ஐந்தாம் பதிப்பிலேயே உள்ள விதிதான், பலர் கண்டுகொள்வதில்லை. கவசம் சலசலக்க நடக்கும் வீரனை வாசலில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இதனால் குறையும்.

ஆறாம் படி: எல்லாப் பகடையையும் ஆட்டக்காரரிடம் கொடுக்க நினைத்தால்

புதிதாக கேம் மாஸ்டர் ஆனவர்களுக்கு இதை முயன்று பார்க்கச் சொல்வேன். எதிரிகளின் எண்கள் நிலையாகிவிடும். அவர் பேச்சிலும் கதையிலும் கவனம் வைக்கலாம். ஆட்டக்காரர்களும் எதிரியின் முறை வரும்போது சாய்ந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள். இருபது பக்கப் பகடை ஆட்டங்களில் இதற்கு வேண்டியது நான்கே எண்கள்: 8, 10, 12, 14.

அரக்கனின் தாக்குதல் போனஸ் +5. வீரனின் கவச எண், அதாவது அவன்மேல் அடி விழ எட்ட வேண்டிய எண், 16. வழக்கமான முறையில் அரக்கன் 11 அல்லது மேல் உருட்டினால் அடி விழும், சரிபாதி வாய்ப்பு. இதைத் திருப்புங்கள். வீரனின் கவச எண்ணிலிருந்து 10-ஐக் கழித்தால் +6, அது அவனுடைய தற்காப்பு போனஸ். அரக்கனின் +5-உடன் 12-ஐக் கூட்டினால் 17, அது இலக்கு. வீரன் உருட்டி +6 கூட்டி 17 அல்லது மேல் வந்தால் தப்பித்தான். அதற்கும் 11 தேவை, அதே சரிபாதி.

ஏன் 12, ஏன் 11 இல்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எண்கள் சமமாக வந்தால் உருட்டியவருக்கே வெற்றி என்பது விதி. முன்பு அந்தச் சலுகை அரக்கனுக்கு இருந்தது. இப்போது வீரனுக்குப் போகிறது. அந்த ஒன்றைத் திருப்பிச் சேர்த்தால்தான் கணக்கு சமமாகும். 11 வைத்தால் வீரர்களுக்கு 5 சதவீதம் இனாம். தெரிந்தே கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள்.

மந்திரத்துக்கும் இப்படியே. எதிரி தப்பிக்க வேண்டிய இலக்கு 15, எதிரியின் போனஸ் +2 என்றால், வழக்கமாக எதிரி 13 உருட்ட வேண்டும். மந்திரம் பலிக்க 60 சதவீதம். திருப்பும்போது மந்திரவாதியின் இலக்கிலிருந்து 8-ஐக் கழித்து +7 எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் +2-உடன் 14-ஐக் கூட்டி 16 இலக்காக வையுங்கள். 9 உருட்டினால் பலிக்கும், அதே 60.

மறக்கக் கூடாதது ஒன்று: சாதகமும் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) பாதகமும் (சிறியதை எடுப்பது) தலைகீழாகும். அரக்கன் இருட்டில் பாதகத்தோடு அடித்தால், தற்காக்கும் வீரன் சாதகத்தோடு உருட்ட வேண்டும். அரக்கனின் 20 என்பது இனி வீரனின் 1. அதுதான் பலத்த அடி. அரக்கனின் 1 என்பது வீரனின் 20.

இந்த முறை தடுமாறும் இடம் கூட்டமான சண்டை. எட்டுக் குட்டிப் பூதங்கள் ஒரே வீரனை மொய்த்தால், அவன் எட்டு முறை உருட்டிக் கூட்டுவதற்குள் மற்றவர்கள் தேநீர் போட்டுவிடலாம். அந்த நேரத்தில் கேம் மாஸ்டர் எட்டுப் பகடைகளை அள்ளி ஒரே வீச்சில் போடுவதுதான் வேகம். ஒரே நேரத்தில் பல உருட்டல்கள் வேண்டுமென்றால் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள், ஒரே கையில் என்றால் ஒரே வீச்சில் முடியுங்கள். ஐந்து வீரர்கள் மேல் நெருப்புக்கோளம் விழுந்தால் ஆளுக்கு ஒன்றாக உருட்டுவது ஒரு நொடி வேலை.

காயத்தின் அளவைக் காட்டும் பகடையை யார் உருட்டினாலும் சரி. தாக்குதல் பகடையோடு சேர்த்தே போட்டுவிட்டால் நேரம் மிச்சம்.

ஏழாம் படி: மேசையில் இருக்கும் மனிதர்கள்

கூட்டல் கழித்தலில் திணறுபவர் இருப்பார். பகடை எண்ணைப் படிக்கச் சிரமப்படுபவர் இருப்பார். படிப்பதையும் கூட்டுவதையும் வேறொருவர் செய்யலாம். உருட்டுவதை மட்டும் அவரிடமிருந்து வாங்காதீர்கள். வராதவரின் பாத்திரம் ஆட்டத்தில் இருக்கிறதென்றால், யார் உருட்டுவது என்று அவரிடமே முன்பே கேட்டுவிடுங்கள். பாத்திரம் செத்துப்போன பிறகு கேட்பது தர்மசங்கடம்.

திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லும் கேம் மாஸ்டர்கள் உண்டு. பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். ஒரு முறை அது தெரிந்துவிட்டால், அதற்கு முன் தப்பிய எல்லாத் தப்புதலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முடிவை ஏற்க மனமில்லாத இடத்தில் உருட்டாதீர்கள். முதல் படி அதற்குத்தான். சண்டைப் பகடைகளையாவது நடு மேசையில் உருட்டினால் இந்தப் பேச்சே எழாது. சாய்ந்து நின்ற பகடை, கீழே உருண்டுபோன பகடை செல்லுமா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்த எண்ணைப் பார்த்தபிறகு சொன்னால் அது தீர்ப்பாகிவிடும்.

இணையத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு வசதி கூடுதல். ரோல்20 என்ற இணைய மேசையில் கேம் மாஸ்டருக்கும் உருட்டியவருக்கும் மட்டும் தெரியும்படி உருட்ட முடியும். ஃபவுண்ட்ரி என்ற அதே வகை மென்பொருளில் அதற்கும் மேலே ஒன்று: ஆட்டக்காரர் பொத்தானை அழுத்துவார், எண் கேம் மாஸ்டருக்கு மட்டும் தெரியும். யார் உருட்டுவது, யார் பார்ப்பது என்ற இரண்டும் தனித்தனி என்பதை மென்பொருள் செய்தவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நான்காம் படியில் சொன்ன ரகசிய உருட்டல்களை இணைய மேசையில் இப்படி ஆட்டக்காரர் கையிலேயே விட்டுவிடலாம்.

எட்டாம் படி: எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

முதல் சந்திப்பிலேயே பேசி, அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். ஐந்தாம் பதிப்பு ஆடும் ஒரு மேசைக்கு இப்படி இருக்கலாம்:

“செய்வதாகச் சொன்னவரே உருட்டுவார். பதுங்கல், மாறுவேடம், போலி ஆவணம் ஆகியவை சோதிக்கப்படும்போதுதான் உருட்டப்படும். பொய்யைக் கண்டுபிடிப்பதை மட்டும் கேம் மாஸ்டர் மறைவாக உருட்டுவார். சண்டைப் பகடைகள் எல்லாம் திறந்த மேசையில். தேடுவதற்கு ஒருவர், உதவிக்கு ஒருவர். குழுவாகப் பதுங்கினால் பாதிப் பேர் வென்றால் போதும். மேசையை விட்டு விழுந்த பகடை செல்லாது, திரும்ப உருட்ட வேண்டும்.”

இதில் வராத ஒன்று நடு ஆட்டத்தில் முளைத்தால் கேம் மாஸ்டர் அப்போதைக்கு ஒன்றைச் சொல்லட்டும், ஆட்டம் ஓடட்டும். ஆட்டம் முடிந்து பகடைகளை எடுத்து வைக்கும்போது அதைப் பேசி, தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆட்டம் கழித்து, யாரும் பின்பற்றாத வரி எது என்று பாருங்கள், அதை அடித்துவிடலாம்.